மலை உச்சியில ஒரு கரண்டி நல்லெண்ணெ

ஜப்பானுல ஒரு மலை இருக்கு. அது பொறந்த நாள்லேர்ந்து யாரும் அது தலையில ஒரு சொட்டு எண்ணெ வச்சதில்ல. மொதமொதல்ல வச்சது எங்க மதினி. வச்சதும் அது தூங்கிப்போச்சு. தூங்குன மலைய எழுப்புன கதையத்தான் இப்பச் சொல்லப்போறேன், கேக்குறவுக யாரும் நடுவுல கொட்டாவி விடாதீங்க, இந்த வம்பு முழுசும் ஒரு கொட்டாவியிலதான் ஆரம்பிச்சுது.

எங்களுக்கு விருதுநகருல எண்ணெக் கடை. எங்க வீட்டுக்காரரு குணசீலன் பேசுறதே புனலு வச்சு ஊத்துற மாதிரி, ஒரு சொட்டு வெளிய சிந்தாது, ஆனா மனுசன் வித்த விப்பப் பாத்து கம்பெனிக்காரன் மகிழ்ந்துபோயி, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஜப்பானுக்குப் போயி மலைமேல ஒரு விடுதியில தங்கி வெந்நீர் ஊத்துல குளிச்சிட்டு வாங்கன்னு டிக்கெட்டு போட்டுக் குடுத்துட்டான். எங்க மதினி சந்தனமாரி, எங்க வீட்டுக்காரருக்கு அக்கா, மூக்குக்கண்ணாடிய மாட்டிக்கிட்டு அந்த டிக்கெட்டத் திருப்பித் திருப்பிப் பாத்தாக.

"அப்ப தம்பிய யாரு பாத்துக்குவா?"

"நான் ஒருத்தி இருக்கேனே மதினி."

"அதத்தாண்டி நானும் சொல்றேன்"னுட்டு, அவுகளும் ஒரு டிக்கெட்டு வாங்கிட்டாக.

மதினியப் பத்தி ஒரு வார்த்த சொல்லிரணும். சின்ன வயசுலயே புருசன் தவறிப்போயி பொறந்த வீட்டுக்கே திரும்புனவுக. வெள்ளிக்கிழமை வந்துச்சுன்னா எங்க தெருவுல ஒரு பொம்பளத் தலை அவுக கைக்குத் தப்பாது. மிளகும் சீரகமும் போட்டு நல்லெண்ணெயக் காய்ச்சி, உச்சியில ஒரு கரண்டி ஊத்தி, தப்பு தப்புன்னு தட்டி, கண்ணுக்குள்ள ஒரு சொட்டு விட்டு அலறவிட்டு, சீயக்கா போட்டு அரக்கித் தேச்சு, வெந்நீர ஊத்தி அனுப்புவாக. அதோட விட்டா பரவாயில்லையே. எண்ணெ தேச்சுக் குளிச்ச அன்னிக்குப் பகல்ல தூங்குனா உடம்பு கெட்டுப்போகும்னு, குளிச்சவுக எல்லாத்தையும் வரிசையா உக்கார வச்சு, கையில விசிறிக் காம்போட காவலுக்கு உக்காந்துக்குவாக. எவளுக்காச்சும் கண்ணு சொருகுச்சுன்னா விலாவுல ஒரு குத்து. இம்புட்டும் செய்யிற மனுசி தலையில மட்டும் அடுத்தவுக கை பட்டு நான் பாத்ததில்ல. தனக்குத் தானே ரெண்டு வழி வழிச்சுக்கிட்டு ஊத்திக்குவாக. நான் வச்சு விடட்டுமா மதினின்னு கேட்டா, "எனக்கெதுக்குடி"ன்னு ஒரு வெட்டு வெட்டுவாக. நானும் அப்புறம் கேக்குறத விட்டுட்டேன்.

ஏரோப்பிளேன்ல ஏறி, ரயில்ல ஏறி, அதவிடச் சின்ன ரயில்ல ஏறி, பொம்மை மாதிரி ஒரு பஸ்சுல ஏறி, பஸ்சும் இதுக்கு மேல என்னால ஆகாதுன்னு நின்ன எடத்துல எறங்கி, பனியில சறுக்கிச் சறுக்கி நடந்தா, தேவதாரு மரத்துக்கு நடுவுல ஒரு மரவீடு ஆவிய விட்டுக்கிட்டு, இட்லிக் கொப்பரை மாதிரி உக்காந்திருக்கு. வாசல்ல நீலத்துணி ஒண்ணு தொங்குது. அதுக்குக் கீழ நிக்கிறாக விடுதிக்கார அம்மா, பேரு மிட்சுயோ. எங்களப் பாத்ததும் இடுப்பு வரைக்கும் குனிஞ்சாக. மதினி சும்மா இருப்பாகளா, அவுகளும் குனிஞ்சாக. அந்தம்மா இன்னும் கொஞ்சம் குனிய, மதினி அதவிடக் குனிய, அவுக குனிய இவுக குனிய, கடைசியில ரெண்டு கொண்டையும் முட்டிக்கிட்டதும்தான் மரியாதை ஒரு முடிவுக்கு வந்துச்சு.

எங்களுக்கு வழிகாட்டியா வந்தவரு இசாமு சாரு. கொக்கு மாதிரி கழுத்து, தலையில பாதி நரை. தமிழ எந்தக் காலேஜுலயோ, எந்தக் காலத்துப் புஸ்தகத்த வச்சோ படிச்சிருக்காரு. அவரு சொன்ன மாதிரியே சொல்றேன் கேளுங்க.

"அம்மையீர்! நீராடுவதற்கு முன்னர் நீராடுதல் வேண்டும்."

மதினி எம்பக்கம் திரும்புனாக. "என்னடி சொல்றாரு?"

"குளிக்கிறதுக்கு முன்னாடி குளிக்கணுமாம் மதினி."

"குளிச்சதுக்கு அப்புறம்?"

"அப்புறமும் ஒருக்கா குளிக்கலாமாம்."

"சோறு எப்பப் போடுவாகளாம்?"

ஒவ்வொரு அறைக்குப் பின்னாலயும் மூங்கில் தட்டி மறைச்ச தனிக்குளம் ஒண்ணு. எல்லாத்துக்கும் தண்ணி வர்றது ஒரே மலையிலேர்ந்துதான். அந்த ஊரு வீடுகள்லயும் தரைக்கு அடியில குழா போட்டு அந்த வெந்நீரத்தான் ஓடவிட்டிருக்காக, அதனால பனிக்காலத்துலயும் உள்ள வெறுங்காலோட நடக்கலாம். வாசல்ல தொங்குன நீலத்துணியக் காட்டி இசாமு சாரு இன்னொண்ணும் சொன்னாரு. "வரும் ஞாயிறன்று மலைத்தெய்வம் பல்லக்கில் எழுந்தருளும். அதற்கு முதல் வெந்நீர் வார்ப்பது இவ்விடுதியின் உரிமை. அன்று நீர் குளிர்ந்திருப்பின் இத்துணி இறக்கப்படும். இறக்கிய துணி மீண்டும் ஏறாது."

எதிர்ச் சரிவுல அப்படித் துணி எறங்குன விடுதி ஒண்ணு இருந்துச்சு. இப்ப அதுக்குள்ள முள்ளங்கி காயப்போட்டிருக்காக. மிட்சுயோ அம்மா பொறந்தது, தவழ்ந்தது, புருசனுக்கு மாலை போட்டது, அந்தப் புருசன மண்ணுக்குக் குடுத்தது எல்லாம் இந்தத் துணிக்குக் கீழதான். வேற போக்கிடம் கிடையாது. ஒவ்வொரு நாளும் வெளிச்சம் வந்ததும் மொத வேலையா ஊத்துக்கிட்டப் போயி மண்டிபோட்டு, நல்லாத் தூங்குனீங்களான்னு விசாரிப்பாகளாம். மலை பொறந்ததுலேர்ந்து தூங்குனதே இல்லைங்கிறது அப்ப யாருக்கும் தெரியாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை.

எங்க வீட்டுக்காரரு இசாமு சாரோட ஊரச் சுத்திப்பாக்கக் கெளம்பிட்டாரு. நானும் மதினியும் தட்டிக்குப் பின்னால நிக்கிறோம். துணியில்லாமத்தான் எறங்கணும்னு சட்டம். நான் நெளிஞ்சேன். "மலைக்கு முன்னாடி என்னடி வெக்கம், அதுவே துணியில்லாமத்தான நிக்கிது"ன்னுட்டு மதினி குளத்துல கால வச்சாக, வச்ச வேகத்துல எடுத்தாக. கொஞ்ச நேரம் தண்ணியவே பாத்தாக. தண்ணி ஒரு பாறை வெடிப்புலேர்ந்து கொதிச்சுக் கொதிச்சு வருது. பாறை அச்சு அசல் வழுக்கத்தலை மாதிரி இருக்கு. மதினி புறங்கைய அந்தப் பாறை நெத்தியில வச்சாக.

"ஏடி புஷ்பம். இது வெந்நீர் இல்லடி. காய்ச்சல்."

"மதினி, இது ஊத்து. இப்படித்தான் இருக்கும்."

"எப்படித்தான் இருக்கும்? ஒடம்பெல்லாம் சூடேறிப்போயி, மூச்சு ஆவியாப் போயி, அழுகுன முட்டை நாத்தம் அடிக்குது. எத்தன தலைமுறையா இப்படிக் கெடக்கோ. ஆளாளுக்கு இதுல எறங்கி முங்கிட்டுப் போறாகளே, ஒருத்தி இது தலையில ஒரு சொட்டு எண்ணெ வச்சாளா?"

அப்புறம் என்ன, பொட்டியத் தொறந்தாக. எங்க கடை நல்லெண்ணெ ஒரு பாட்டில், சீயக்காத்தூள் ஒரு பொட்டலம், மிளகு சீரகம் ஒரு முடிச்சு, கரண்டி ஒண்ணு, முந்தின நாள் சாப்பாட்டுல ஆளுக்கொரு குட்டி அடுப்பு வச்சாகளே அதுல மிச்சமிருந்த மெழுகு. மிளகு பொரிஞ்சுது, சீரகம் சிரிச்சுது, மதினி கரண்டியோட பாறையில ஏறி, உச்சி எதுன்னு தடவிக் கண்டுபிடிச்சு, ஊத்துனாக. தப்பு தப்புன்னு தட்டுனாக. அம்மைக்கும் அப்பனுக்கும் ஆயுசு கெட்டின்னு சொல்லிச் சொல்லித் தட்டுனாக, மலையோட அம்மையும் அப்பனும் யாருன்னு எனக்குத் தெரியல. மலை ஒரு பெருமூச்சு விட்டுச்சு. கிளையில இருந்த பனியெல்லாம் பொலபொலன்னு உதுந்துச்சு. சீயக்கா போட்டுத் தேச்சதும் குளம் முழுக்க நுரை. அப்புறம் பள்ளத்தாக்குல கெடந்த மூடுபனி மொத்தமும் மேல ஒரு வெடிப்புக்குள்ள இழுபட்டுப் போச்சு, கொஞ்ச நேரம் உள்ளயே நின்னுச்சு, மெதுவா வெளிய வந்துச்சு.

அதான் நான் சொன்ன கொட்டாவி.

அந்த நேரத்துல மதினி ஒரு தப்புப் பண்ணுனாக. தெருவுல ஒருத்திகிட்டயும் பண்ணாத தப்பு. குளிப்பாட்டி விட்டுட்டு, கூட உக்காராம, பசிக்குதுடின்னு சாப்பிடப் போயிட்டாக.

சோத்துல கைவைக்கயில கேட்டுச்சு அந்தச் சத்தம். காகிதக் கதவெல்லாம் டர்ர்ருன்னு அதிருது. நானும் மதினியும் ஒரே நேரத்துல, ஊரச் சுத்திட்டு வந்து சாப்பிட உக்காந்திருந்த எங்க வீட்டுக்காரரப் பாத்தோம். எங்க வீட்டுல அப்படிச் சத்தம் வந்தா அதுக்கு ஒரே காரணம் அவுகதான். அவுக குறட்டை விடுவாக, நான் பக்கத்துல படுத்து அதே குறட்டைய அதே ராகத்துல காதுக்குள்ள விடுவேன், முழிச்சு மூஞ்சி செவந்துபோயி, "நான் எங்கடி குறட்டை விட்டேன்?"ன்னு சண்டைக்கு வருவாக. ஆனா இப்ப அவுக முழிச்சிக்கிட்டுத்தான் இருக்காக, வாயில மீன் துண்டோட.

"நான் இல்ல"ன்னாக.

மலைதான். நல்ல தூக்கம். எண்ணெ வச்சா யாருக்குத்தான் தூக்கம் வராது.

குளம் பச்சத்தண்ணியாப் போச்சு. வழக்கமாக் குளிக்க வர்ற குரங்குக வந்து, வெரல வச்சுப் பாத்து, எங்களத் திரும்பிப் பாத்து, குட்டிகளத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சுக. ஊரு வீடுகள்ல தரை சில்லிட்டுப் போச்சு. எங்க ஊரா இருந்தா இந்நேரம் குடத்தோட ரோட்டுல உக்காந்து பஸ்ஸ மறிச்சிருப்போம். இவுக என்ன பண்ணுனாக தெரியுமா? மலை தூங்குதுன்னு தெரிஞ்சதும் ஊரே செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நுனிக்கால்ல நடக்க ஆரம்பிச்சிருச்சு. போஸ்ட்மேன் சைக்கிள் மணிக்குத் துணி சுத்திட்டாரு. கோயில் பூசாரி மணி அடிக்கிறதுக்குப் பதிலா மணிக்கு முன்னாடி நின்னு வாயாலயே "ணங்"னு ரகசியமாச் சொல்லிட்டுப் போனாரு. சோயாக்கட்டி விக்கிறவரு வீடு வீடாப் போயி கூவாம, சன்னல்ல மொகத்த வச்சு, வாய மட்டும் அசைச்சுக் காட்டுனாரு. ஒரு நாயி குலைக்கப் பாத்துச்சு, எல்லாரும் ஒரு பார்வை பாத்தாக, அது வாய மூடிக்கிட்டு, இருமல் வந்த மாதிரி நடிச்சுச்சு.

இதக்கூடத் தாங்கிக்கலாம். மன்னிப்புக் கேட்டாக பாருங்க, அதத் தாங்க முடியல. மிட்சுயோ அம்மா எங்க அறை வாசல்ல நெத்தி தரையில படக் குனிஞ்சு, "தூரதேசத்து விருந்தினருக்கு வெந்நீர் தர இயலாத பாவியாகிவிட்டேன் என்கிறார்"னு இசாமு சாரு சொன்னாரு. அந்தம்மா தக்காளி கணக்கா இருக்கிற சீமைப்பனிச்சம்பழம் ஒரு கூடை வச்சிட்டுப் போனாக. பின்னாலயே சோயாக்கட்டிக்காரரு வந்து குனிஞ்சு மன்னிப்பும் ஒரு பாத்திரம் சோயாக்கட்டியும் குடுத்தாரு. போஸ்ட்மேன் மன்னிப்பும் கம்பளிக் காலுறையும். பூசாரி மன்னிப்பும் ஊறுகாயும். மறுநாள் பூரா வந்துக்கிட்டே இருக்காக. எங்க அறையில மன்னிப்பு மலையாக் குமிஞ்சு கால நீட்ட எடமில்ல.

எங்க வீட்டுக்காரரு கதவச் சாத்திட்டு, அவுக வாழ்க்கையிலயே நீளமான பேச்சப் பேசுனாக. "வாயத் தொறக்காதீங்க. பாஸ்போர்ட்டப் பிடுங்கிருவான். நாம குளிச்சோம், தண்ணி ஆறிப்போச்சு, அம்புட்டுத்தான்."

மதினி சாப்பாட்டத் தொடல. தரை சில்லுன்னு இருக்கவும் மிட்சுயோ அம்மா கொண்டாந்து போட்ட மெத்தையில உக்காராம, வெறும் பாயில உக்காந்திருந்தாக. இடையில எந்திரிச்சுப் போயி பாறை உச்சியில கொஞ்சம் மாங்கா ஊறுகாயத் தடவிப் பாத்தாக, சூடு ஏறுமான்னு. மலை ஒரு தும்மல் போட்டுச்சு. விடுதிக்கூரை ஓடு ரெண்டு விழுந்துச்சு. அதுக்கும் மிட்சுயோ அம்மா வந்து எங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போனாக.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சுது. தெய்வம் பல்லக்குல வருது. வருசா வருசம் ஹோய் ஹோய்னு தொண்ட கிழியக் கத்திக்கிட்டுத் தூக்கியாருவாகளாம். இந்தத் தடவ ஊரு ஆம்பளைக எல்லாரும் தோள்ல பல்லக்க வச்சுக்கிட்டு, நுனிக்கால்ல, "ஹோய்... ஹோய்..."னு காதுல ரகசியம் சொல்ற மாதிரி வர்றாக. கல்யாண வீட்டுல பாயசத்தத் திருடிக்கிட்டுப் போற கூட்டம் மாதிரி இருந்துச்சு. எனக்குச் சிரிப்பு வந்து தொடையக் கிள்ளிக்கிட்டேன். அப்புறம் மிட்சுயோ அம்மாவப் பாத்ததும் சிரிப்பு நின்னு போச்சு. மரக்குவளையில தண்ணிய மொண்டு பூசாரி கையில குடுத்தாக. அவரு வெரல நனைச்சுப் பாத்தாரு. தலைய ஆட்டுனாரு. அந்தம்மா ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாம, நல்ல சேலையாட்டம் ஒரு உடுப்ப உடுத்தி வந்தவுக, ஸ்டூலப் போட்டு ஏறி, வாசல் துணியோட ஒரு பக்கத்து முடிச்ச அவுத்துட்டாக. நீலத்துணி ஒரு பக்கமா மடிஞ்சு தொங்குது. அடுத்த முடிச்சுக்குக் கை போச்சு.

மதினி பாஞ்சு அந்தக் கையப் பிடிச்சுக்கிட்டாக.

"அம்மா, அத அவுக்காதீக. உங்க மலைக்கு எண்ணெ தேச்சு விட்டது நாந்தான்."

எங்க வீட்டுக்காரரு கண்ண மூடிட்டாரு. இசாமு சாரு கொக்குக் கழுத்த மதினி பக்கம் நீட்டுனாரு. "அம்மையீர், இதனை நான் மொழிபெயர்க்கத்தான் வேண்டுமா?"

"ஒரு எழுத்து விடாமச் சொல்லுங்க சாரு. மிளகு சீரகத்தையும் சேத்துச் சொல்லுங்க."

சொன்னாரு. குறட்டை ஒண்ணுதான் கேக்குது. மிட்சுயோ அம்மா ஸ்டூல்லேர்ந்து எறங்கி மதினிய மொகத்துக்கு மொகம் பாத்து என்னமோ கேட்டாக.

"எண்ணெய் சூடாக இருந்ததா என்று வினவுகிறார்."

"வெதுவெதுப்பாத்தான் வச்சேன் தாயி. சுட்டுறப் போகுதேன்னு மொதல்ல என் கையில விட்டுப் பாத்துட்டுத்தான் வச்சேன்."

"அப்போது மலை யாது செய்தது என்று வினவுகிறார்."

"பெருமூச்சு விட்டுச்சு. அம்மாடின்னு சொல்ற மாதிரி."

மிட்சுயோ அம்மா கண்ணுலேர்ந்து மடமடன்னு தண்ணி. "இத்தனை காலம் நாங்கள் யாவரும் அதில் நீராடினோம், அதனை நீராட்ட ஒருவருக்கும் தோன்றவில்லையே என்கிறார்." அவுக மலையப் பாத்துக் குனிஞ்சாக. பூசாரி குனிஞ்சாரு. பல்லக்குத் தூக்குனவுக பல்லக்கோட குனிஞ்சாக, சாமியும் சேந்து குனிஞ்சுது. ஊரு மொத்தமும் மலைகிட்ட மன்னிப்பு.

"ஐயய்ய, திரும்பவும் ஆரம்பிச்சுட்டாகளேடி!"ன்னு மதினி தலையில கைய வச்சாக. "மன்னிப்பெல்லாம் இருக்கட்டும், மொதல்ல எழுப்புங்க அத!"

இசாமு சாரு தயங்குனாரு. "எழுப்ப இயலாது அம்மையீர். இங்கு நீராடி உறங்கும் மலை இப்போது இவ்வம்மையாரின் விருந்தினர். விருந்தினரை எழுப்பும் வழக்கம் இவ்விடுதியில் ஒருநாளும் இருந்ததில்லை. துணி இறங்கினாலும் இறங்கட்டும் என்கிறார்."

அப்பத்தான் மதினி மொகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு. தான் எங்க கோட்டை விட்டோம்னு பிடிபட்டுருச்சு. இடுப்புல கைய வச்சாக. விருதுநகர் மதினி திரும்பி வந்துட்டாக.

"சாரு, நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. எண்ணெ தேச்சதுல தப்பே இல்ல. தேச்சுக் குளிச்சுட்டுப் பகல்ல தூங்குனதுதான் தப்பு. தூங்கவிட்டா ஒடம்புக்கு ஆகாது. இந்தா சளி பிடிச்சுத் தும்முதுல்ல? எங்க ஊருல எண்ணெ வச்சவதான் பக்கத்துல இருந்து தூங்காமப் பாத்துக்கணும். நான் சோத்துக்கு ஓடிட்டேன். இப்ப எழுப்பாம விடுறது மரியாதை இல்ல, வைத்தியத்தப் பாதியில விடுறது."

வைத்தியம்னதும் ஊரு தலைய ஆட்டுச்சு. மரியாதைக்குறைவு இல்லேன்னா எழுப்பலாம். ஆனா எப்படி எழுப்புறதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. பூசாரி போஸ்ட்மேனோட சைக்கிள் மணித்துணிய அவுத்து, சுண்டுவெரலால ஒரு "டிங்". மலை இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் பொரண்டு படுத்துச்சு. நாங்க எல்லாரும் ரெண்டடி சறுக்கிப் போயி நின்னோம், பல்லக்கு உள்பட.

"திட்டணும்"னாக மதினி. "ஏ மலை! எந்திரிக்கிறியா, இல்ல விசிறிக் காம்ப எடுக்கவா? வெயில் முதுகுல அடிக்குது, ஊரு சோறு தண்ணியில்லாம நிக்கிது, குண்டுக்கல்லு மாதிரிக் கெடக்கியே, வெக்கமா இல்ல?"

சோயாக்கட்டிக்காரருக்கு வீரம் வந்துருச்சு. முன்னால போயி, மூச்ச இழுத்து, பாறைகிட்ட என்னமோ சொல்லிட்டு, மொகமெல்லாம் வேர்த்துப் போயித் திரும்புனாரு.

"என்ன சாரு சொன்னாரு?"

"'மலையே, தங்கள் உறக்கம் சற்றே நீண்டுவிட்டதோ என ஐயுறுகிறோம்' என்று மிகக் கடுமையாகச் சாடினார்."

"வெளங்கிரும்"னாக மதினி.

மிட்சுயோ அம்மா திரும்பவும் ஸ்டூலப் பாத்தாக. அவுத்த முடிச்சு காத்துல ஆடுது. அந்த நேரத்துல, யாரும் எதிர்பாக்காத எடத்துலேர்ந்து, எங்க வீட்டுக்காரரு வாயிலேர்ந்து ஒரு சொட்டு விழுந்துச்சு.

"புஷ்பம். என்னைய எழுப்புவியே, அந்த மாதிரி."

நான் பாறைகிட்டப் போயி, வழுக்கத்தலைக்குப் பக்கத்துல சாஞ்சு, காத வச்சுக் கேட்டேன். எந்தக் குறட்டைக்கும் ஒரு ராகம் உண்டு. இது அடியில சரளைக்கல்லு உருள்ற மாதிரி ஆரம்பிச்சு, நடுவுல சளியில ஒரு கொர்ரு, மேல ஏறி மூக்குல ஒரு விசிலு, கடைசியில உதட்டச் சப்புக்கொட்டுற மாதிரி ஒரு "ம்ச்சு". சளி இருக்கவும் விசிலு மட்டும் கொஞ்சம் பிசிறு. ரெண்டு மூணு குறட்டைய விட்டுப் பிடிச்சு, அளவு தெரிஞ்சதும், அது மூச்சிழுக்கயில நானும் இழுத்தேன், விட்டேன்: கர்ர்ர்ரொர்ர்ர்... வீஈஈ... ம்ச்சு.

பல்லக்குத் தூக்குனவருல ஒருத்தருக்கு மூக்கு வழியாச் சிரிப்பு பிச்சுக்கிட்டு வந்துச்சு. வாயப் பொத்துனாரு. அடுத்தாளு வாயப் பொத்துனாரு. நான் இன்னொருக்கா விட்டேன், "ம்ச்சு"ல கொஞ்சம் உப்பு கூட்டி. மிட்சுயோ அம்மா கையால மொகத்த மறைச்சாக, தோளு குலுங்குது, அழுறாகளாக்கும்னு பாத்தா, வெரல் சந்துல பல்லு தெரியுது. அப்புறம் அவுகளே, மண்டிபோட்டு, அடக்கமா, கர்ர்ர். சோயாக்கட்டிக்காரரு கர்ர்ர். பூசாரி கர்ர்ர். இசாமு சாரு கூட, "குறட்" அப்படின்னு எழுத்து சுத்தமா ஒண்ணு. தேவதாரு மரத்துல குரங்குக கர்ர்ர். பள்ளத்தாக்கு முழுக்க, இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும், ஒரு ஊரே மலைய வச்சுக்கிட்டு மலையப் பழிப்புக் காட்டுது.

மலை பாதிக் குறட்டையில நிறுத்திருச்சு.

கப்புன்னு எல்லாரும் வாய மூடிட்டோம். எங்க வீட்டுல நடக்குறதுதான் அங்கயும் நடந்துச்சு. முழிச்சவரு மொதல்ல ஒண்ணும் பேச மாட்டாரு. யாரு யாரு பாத்தாகன்னு ஓரக்கண்ணால பாப்பாரு. அப்புறம் கழுத்துலேர்ந்து வெக்கம் ஏறும். மலைக்கும் அடிவாரத்துலேர்ந்து ஏறுச்சு. பனியெல்லாம் ரோஸ் நெறமாச்சு, அப்புறம் கரைஞ்சுது, பாறை செவந்துச்சு, நெத்தியில முத்து முத்தா வேர்த்துச்சு, வெடிப்புக்குள்ள ஒரு செருமல், நான் எங்க குறட்டை விட்டேன்ங்கிற மாதிரி. குப்புன்னு ஆவி! தண்ணி கொதிச்சுக்கிட்டு வந்துச்சு, சீயக்கா நுரையோட, நல்லெண்ணெ வாசத்தோட. மிட்சுயோ அம்மா குவளைய மொண்டு பூசாரி கையில குடுக்க, அவரு வெரல நனைச்சு, "ஆத்தாடி"ங்கிறதுக்கு அவுக பாஷையில என்ன உண்டோ அதச் சொல்லி வெரல உதறுனாரு. சாமிக்கு மொத வெந்நீர் ஊத்துனாக. ஹோய் ஹோய்னு இப்ப தொண்ட கிழியக் கத்துனாக. அடக்கிக்கிட்டிருந்த நாயும் ஒரு பாட்டம் குலைச்சுத் தீத்துச்சு. மதினி ஸ்டூல்ல ஏறி, அவுந்த முடிச்ச அவுக கையாலயே போட்டாக, எங்க கடையில டின்னுக்குப் போடுற முடிச்சு, இனி யாராலயும் அவுக்க முடியாது.

அன்னிக்குச் சாயங்காலமே பனி கொட்டி, நாங்க வந்த பாதை மூடிக்கிருச்சு, வெள்ளி வரைக்கும் அங்கயே கெடந்தோம். வெள்ளிக்கிழமை வெளிச்சம் வந்ததும் ஊரே குளத்தங்கரையில நிக்கிது. எங்க எண்ணெ தீந்துபோனதால அவுக வீட்டு எள்ளெண்ணெ, சின்னச் சின்னக் கிண்ணத்துல. வருத்த எள்ளு, வாசம் கொஞ்சம் தூக்கல், மதினி மோந்து பாத்துட்டுப் பரவாயில்லன்னாக. ஆளுக்கொரு சொட்டு மலை உச்சியில வச்சு, தப்பு தப்புன்னு தட்டி, அப்புறம் யாரும் சாப்பிடப் போகல. சுத்தி உக்காந்துக்கிட்டாக. போஸ்ட்மேன் ஊரு வம்பெல்லாம் மலைகிட்டச் சொல்றாரு. சோயாக்கட்டிக்காரரு பாடுறாரு. மலைக்கு லேசாக் கண்ணு சொருகுற மாதிரி ஆவி கொறைஞ்சா, பூசாரி குனிஞ்சு ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு, மூங்கில் குச்சியால விலாவுல ஒரு குத்து. மதினி தட்டி ஓரமா உக்காந்து எல்லாத்தையும் மேற்பாத்துக்கிட்டிருக்காக.

மிட்சுயோ அம்மா ஒரு கிண்ணத்தோட அவுக பின்னால வந்து மண்டிபோட்டாக.

"எனக்கெதுக்கு"ன்னாக மதினி.

நல்லவேளை, இசாமு சாரு அந்த நேரம் போஸ்ட்மேன் சொன்ன வம்புல வாயத் தொறந்துக்கிட்டு இருந்தாரு. மொழிபெயர்க்க ஆளில்ல. அந்தம்மாவுக்கு ஒண்ணும் வெளங்கல. மதினி கொண்டைய அவுத்துட்டாக. சுட்டுறப் போகுதேன்னு தன் கையில மொதல்ல விட்டுப் பாத்துட்டு, உச்சியில வச்சு, தப்பு தப்புன்னு தட்டுனாக. மதினி தோளு ரெண்டும் மொதல்ல காதுகிட்ட ஏறி நின்னுச்சு. அப்புறம் மெல்ல மெல்ல எறங்குச்சு. அவுகளுக்குத் தோளு இருக்கிற எடம் அதுதான்னு நான் அன்னிக்குத்தான் பாத்தேன். ஒரு பெருமூச்சு விட்டாக. தேவதாருக் கிளையிலேர்ந்து பனி பொலபொலன்னு உதுந்துச்சு.

வெந்நீர் ஊத்திக் குளிப்பாட்டி, தலைய உணத்தி, அங்கி மாட்டி உக்கார வச்சா, எங்க தெருவையே தூங்கவிடாத மனுசி, கையில மூங்கில் குச்சியோட, வாயத் தொறந்து ஒரு கொட்டாவி விட்டாக. கண்ணு சொருகுச்சு. தலை மிட்சுயோ அம்மா தோள்ல சாஞ்சுது. கொஞ்ச நேரத்துல, சரளைக்கல்லு உருள்ற மாதிரி ஒண்ணு ஆரம்பிச்சுது.

ஊரு பேச்ச நிறுத்திருச்சு. மலையே ஆவிய அடக்கிக்கிட்டு எங்க பக்கம் பாக்குது. மிட்சுயோ அம்மாவுக்கு விருந்தாளிய எழுப்பவும் மனசில்ல, தூங்கவிடவும் பயம், என்னையப் பாத்தாக. எங்க வீட்டுக்காரரும் என்னையப் பாத்தாக.

நான் கொஞ்சம் தூங்கவிட்டேன். ரொம்ப இல்ல. ராகம் பிடிபடுற வரைக்கும்.

அப்புறம் நகந்து நகந்து மதினி காதுகிட்டப் போயி உக்காந்து, தொண்டையச் செருமிக்கிட்டேன். எனக்குப் பின்னால, மொத்த ஊரும் தொண்டையச் செருமுச்சு. மலையும்.